கருந்தாவி என்ன தின்னும்?

சுட்டி காணாமல் போனது கலையரசனுக்குத் தெரிந்தபோது, அது காணாமல் போய் வெகுநேரம் ஆகியிருந்தது.

நெல்லிவாசல்நாட்டில் அவர்கள் குடியிருப்புக்கு மேலே ஒரு பாறை உண்டு. போனுக்கு டவர் கிடைக்கிற ஒரே இடம். அங்கே உட்கார்ந்து போனையே பார்த்துக்கொண்டிருந்தவன், கழுத்து வலித்ததால் தலையைத் தூக்கினான். ஐந்து ஆடுகள் மேய்ந்த சரிவில் நாலு ஆடுகள் மேய்ந்தன. எண்ணிப் பார்த்தான். மறுபடி எண்ணிப் பார்த்தான். தன்னையும் சேர்த்து எண்ணினால்தான் ஐந்து வந்தது.

மற்ற நாலில் ஒன்று போயிருந்தால்கூட எதையாவது சொல்லிச் சமாளிக்கலாம். போனது சுட்டி. நெற்றியில் வெள்ளைப் பொட்டு வைத்த கறுப்பு ஆடு. நிறைசினை. எல்லாவற்றுக்கும் மேலாக, அது அவன் மனைவி செவ்வந்தியின் பிறந்த வீட்டு ஆடு. அதன் கழுத்தில் தொங்கிய வெண்கல மணியும் பிறந்த வீட்டு மணி. அந்தப் பக்கத்தில் ஒவ்வொரு வீட்டு மணிக்கும் ஒரு சத்தம். ஆட்டைப் பார்க்காமலே இது இன்னார் வீட்டு மணி என்று சொல்லிவிடுவார்கள். கலையரசனும் சொல்வான், காது காதாக இருக்கிற நேரங்களில்.

ஆடு போனது கவலை. ஆட்டோடு போனும் போய்விடுமே என்பது அதைவிடப் பெரிய கவலை. போன மாதம் இவன் போனைப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் காட்டுப்பன்றி வந்து சாமைக் கொல்லையில் பாதியைத் துவம்சம் செய்துவிட்டுப் போனது. அன்று செவ்வந்தி கத்தவில்லை. கத்தியிருந்தால் மறந்திருப்பான். நிதானமாக ஒன்றைச் சொன்னாள். "இன்னொரு தடவ இந்தப் போனால எதுனா போச்சின்னா, போனு என் தம்பிக்குப் போய்டும்." தம்பி அர்ச்சுனன் பக்கத்துக் குடியிருப்பில், அவள் பிறந்த வீட்டில் இருக்கிறான். அவன் போனில் பாதித் திரை கறுத்துப்போய்விட்டது. அதிலிருந்து, மாமாவின் போனை அவன் பார்க்கிற பார்வையே சரியில்லை.

அந்தப் போனுக்குள் அப்படி என்ன இருந்தது என்று கேட்டால், மிருகபுரி இருந்தது. மிருகபுரி ஒரு வீடியோ கேம். நாலு பாகம் வந்திருக்கிறது. உலகத்தில் இல்லாத மிருகங்களெல்லாம் அதில் திரியும். மற்றவர்கள் அவற்றைச் சுட்டு விளையாடுவார்கள். கலையரசன் சேர்ந்திருந்த கூட்டம் வேறு மாதிரி. 'மிருகபுரி உயிரியல் கழகம்' என்று ஒரு வாட்ஸ்அப் குழு. சுட்டு வீழ்த்திய மிருகத்துக்கு ஈரல் எந்தப் பக்கம், சினைக்காலம் எத்தனை மாதம், இந்தக் கனத்தை அந்தக் கால் எப்படித் தாங்கும் என்று விசாரிக்கிற ஆட்கள். இருக்கிற மிருகத்தைப் பற்றிச் சண்டை வந்தால் போய்ப் பார்த்து முடித்துக்கொள்ளலாம். இல்லாத மிருகத்தைப் பற்றிய சண்டைக்கு முடிவே கிடையாது.

அதில் பெரிய சண்டை கருந்தாவியைப் பற்றியது. எருமைக் கன்று அளவு உடம்பு, ஆறு கால், கால்களுக்கு நடுவே வவ்வாலுக்கு இருப்பது போலத் தோல். மரத்துக்கு மரம் மிதந்து வரும். ஆளைக் கண்டால் வாயைப் பிளந்துகொண்டு துரத்தும். ஆனால் அது என்ன தின்னும் என்று நாலு பாகத்தில் ஓரிடத்தில்கூடக் காட்டவில்லை. குழு இரண்டாக உடைந்தது. ஒன்று கறிக் கட்சி, இன்னொன்று தழைக் கட்சி. கறிக் கட்சிக்குத் தலைவர் கலையரசன். துரத்துகிறது என்றால் தின்னத்தானே துரத்துகிறது என்பது அவன் கொள்கை. சுட்டி காணாமல் போன நேரத்தில், தழைக் கட்சிக்காரன் ஒருவனுக்குக் கருந்தாவியின் குடல் நீளத்தை விளக்கிக்கொண்டிருந்தான்.

பொழுது சாயும்வரை புதர் புதராகத் தேடினான். மணிச் சத்தம் எங்கும் இல்லை. நாலு ஆட்டையும் ஓட்டிக்கொண்டு இறங்கினான். என்ன சொல்வது?

சிறுத்தை என்று சொல்லலாம். ரத்தம் எங்கே, இழுத்துப்போன தடம் எங்கே என்பாள். கரடி என்றால், கரடி எப்போதிலிருந்து ஆடு தின்ன ஆரம்பித்தது என்பாள். நரி என்றால், அத்தனை பெரிய ஆட்டை நரி தூக்குமா என்பாள். காட்டில் உள்ள ஒவ்வொரு மிருகத்தையும் அவளுக்குத் தெரியும். ஆக, அவளுக்குத் தெரியாத மிருகம் ஒன்று வேண்டும். தெரியாத மிருகங்களைப் பற்றி இந்த மலையில் தன்னைவிடத் தெரிந்தவன் யார் என்று நினைத்தபோது, அன்றைக்கு முதன்முறையாக அவனுக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. வழியிலேயே போனிலிருந்த ஒரு கருந்தாவிப் படத்தை, கேமின் அடையாளம் தெரியாதபடி ஓரமெல்லாம் வெட்டித் தயார் செய்துகொண்டான்.

செவ்வந்தி பட்டி வாசலில் நின்று ஆடுகளை உள்ளே விட்டாள். நாலாவது ஆடு போனதும் அவன் முகத்தைப் பார்த்தாள்.

"சுட்டி எங்கங்க?"

"அத ஒண்ணு தின்னுடுச்சி, செவ்வந்தி."

"எது?"

"பேரு தெரியல. நம்ம காட்டு மிருகமே இல்ல. ஆறு காலு."

அழுவாள் என்று எதிர்பார்த்தான். அவள் ஒரு கட்டையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அது இன்னும் பயமாக இருந்தது.

"ஆறு காலா. அப்ப தடம் நெறைய இருக்குமே. வாங்க, போய்ப் பாக்கலாம்."

"தடமே இருக்காது. தரையில நடக்காது. மரத்துக்கு மரம் மெதந்து வரும்."

"இன்னா பெருசு இருக்கும்?"

"எருமக் கன்னு இருக்கும்."

"எருமக் கன்னு மரத்துல உக்காந்தா கெள முறியாதா?"

"எலும்பெல்லாம் உள்ள பொள்ளல். பறவைக்கு இருக்கற மாதிரி. கனமே இருக்காது." கழகத்தில் பல நாள் வாதாடி அவன் நிலைநாட்டிய கருத்து அது. சொல்லும்போது குரலில் தானாக ஒரு கம்பீரம் ஏறியது.

"பொள்ளல் எலும்ப வச்சிக்கினு நெறசினை ஆட்ட எப்பிடித் தூக்குச்சி?"

"தூக்கல. அங்கியே முழுங்கிடுச்சி."

"முழுங்கினா வயிறு கனக்குமே. மரம் ஏற முடியாதே. அப்ப அங்கதான் எங்கனா படுத்துக் கெடக்கும். இருங்க, அரிவாள எடுத்துக்கினு வர்றேன்."

கழகத்தில் படித்தவர்கள் பலர் உண்டு. ஒருத்தரும் இப்படிக் கேட்டதில்லை.

"இல்ல, இல்ல. அது வயித்துல ஒரு தண்ணி சொரக்கும். ஒடனே கரச்சிடும். இந்நேரம் ஆடு இருந்த எடமே தெரியாது."

"கொளம்பு கூடவா?"

"கொளம்பு, முடி இதெல்லாம் கரையாது. அத உருண்டையாக் கக்கிடும். ஆந்த எலியத் தின்னுட்டுக் கக்குதில்ல, அந்த மாதிரி."

"அப்ப என் மணி?"

வெண்கலத்தையும் கரைத்துவிடும் என்று சொன்னால், அந்த வயிறு மட்டும் எப்படிக் கரையாமல் இருக்கிறது என்பாள்.

"மணியும் கக்கிடும்."

"எப்போ?"

"ரெண்டு மூணு நாள் ஆவும்."

"அப்ப ஞாயித்துக்கெழம கெடச்சிடும்." அவள் பெருமூச்சு விட்டாள். "ஆடு போனாப் போவுது. எங்கம்மா வூட்டு மணி கெடச்சாப் போதும்."

பெருமூச்சில் துக்கம் இருந்ததா என்று அவனுக்குச் சரியாகப் பிடிபடவில்லை. நம்பவில்லையோ என்ற பயத்தில் படத்தை எடுத்து நீட்டினான். போட்டோ பிடித்தேன் என்றான். அவள் போனை வாங்கி, விளக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோய், சேலைக்கு விலை பேசுகிறவள் மாதிரி வெகுநேரம் பார்த்தாள்.

"வாய நல்லாப் பொளந்துக்கினு நிக்கிது."

"பல்லப் பாரு. ஒவ்வொண்ணும் எம்மாம் பெருசு."

"பாத்தேன்" என்றாள். போனைத் திருப்பிக் கொடுத்தாள். கொடுத்தாள் என்பதிலேயே அவனுக்கு உயிர் வந்தது. ஆனால் அவள் இன்னும் முடிக்கவில்லை.

"ருசி கண்ட எடத்துக்கு மறுபடி வருமா?"

வராது என்றுதான் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் கருந்தாவி தன் எல்லையை விட்டு நகராது, இரை கிடைத்த இடத்தையே சுற்றிச் சுற்றி வரும் என்று அவன் குழுவில் நீளமாக எழுதியிருக்கிறான். எழுதியதை மறுத்துப் பேச மனசு வரவில்லை.

"வரும்."

"மேல இருந்தா?"

"மேல இருந்துதான்."

"அப்ப பட்டிக்குக் கூர போடணும். ஞாயித்துக்கெழமைக்குள்ள."

பட்டிக்குக் கூரை போடச் சொல்லி அவள் கேட்டுக்கொண்டிருந்தது இரண்டு மழைக்காலமாக. இடுப்பு வலி, மூங்கில் இல்லை, நாள் சரியில்லை என்று அவன் தள்ளிக்கொண்டே வந்தான். இப்போது எந்தக் காரணமும் நிற்காது. அவனுடைய மிருகமே அவனுக்கு எதிராகச் சாட்சி சொல்லிவிட்டது.

மறுநாள் விடிந்ததும் மூங்கில் வெட்டப் போனான். திரும்பி வந்தபோது பக்கத்து வீட்டு ஜெயம்மாள் காத்திருந்தாள். அவளுக்கு வயசில் பாதி கோழி வளர்த்தே போயிருந்தது.

"கலை, அது கோழி திங்குமா?"

"யாரு அக்கா சொன்னாங்க?"

"உன் பொண்டாட்டிதான். கோழி திங்குமா, திங்காதா?"

"சின்ன எரையத் தொடாது, அக்கா. அத்தினி பெரிய ஒடம்புக்குக் கோழி கட்டுப்படியாவாது."

"பகல்ல வருமா?"

"பொழுது சாயற நேரம்."

"குட்டி போடுமா, முட்ட இடுமா?"

அந்தக் கேள்வி கழகத்தில் ஒரு வருஷம் ஓடியது. அவன் மூங்கிலைக் கீழே போட்டுவிட்டு விளக்க ஆரம்பித்தான். சாயங்காலத்துக்குள் குடியிருப்பே வந்து கேட்டுவிட்டுப் போனது. இத்தனை நாள் இந்த ஊரில் யாரும் அவனிடம் மழை வருமா என்றுகூடக் கேட்டதில்லை. கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது. பெருமை ஜெயம்மாளின் அடுத்த வார்த்தைவரை நீடித்தது.

"பாரஸ்ட்டு ஆபீஸ்ல சொல்லிடலாமா? வந்து கூண்டு வைக்கட்டும்."

கூண்டோடு வருகிற ஆட்களுக்கு அந்தப் படத்தைக் காட்டினால் கூண்டு யாருக்கு என்பது கலையரசனுக்குத் தெரியும். நல்லவேளையாக செவ்வந்தி உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள்.

"மொதல்ல மணி கெடைக்கட்டும் அக்கா. கெடச்சா உண்மைன்னு தெரிஞ்சிடும். கெடைக்கலன்னா அப்பறம் பாத்துக்கலாம்."

கிடைக்கவில்லை என்றால் அப்புறம் எதைப் பார்த்துக்கொள்வாள் என்று அவள் சொல்லவில்லை. அன்று சோறு இறங்கவில்லை. பக்கத்தில் வைத்திருந்த போனை எடுத்து எடுத்துப் பார்த்தான், ஊருக்குப் போகிற பிள்ளையைப் பார்ப்பது மாதிரி.

சனிக்கிழமை, கூரைக்கு ஆணியும் கம்பியும் வேண்டும் என்று கிளம்பினான். குடியிருப்புகளுக்கு ஆள் ஏற்றுகிற குப்பனின் ஜீப்பில் மலை இறங்கி, பஸ் மாறிக் கண்ணமங்கலம் போக வேண்டும். ஜீப்பில் ஏறியதிலிருந்து குப்பன் கண்ணாடியில் அவனைப் பார்ப்பதும் தனக்குத்தானே சிரிப்பதுமாக வந்தான்.

"இன்னாடா சிரிப்பு?"

"ஒண்ணுல்லண்ணா. கூர வேல ஷோக்கா நடக்குதாமே."

"நடக்குது."

"நடக்கட்டும், நடக்கட்டும்" என்று சொல்லிவிட்டு வளைவில் வண்டியை ஒடித்தான். மற்ற நாளாக இருந்தால் கலையரசன் யோசித்திருப்பான். அன்று அவன் தலைக்குள் மணியைத் தவிர வேறெதுவும் இல்லை.

கடையில் ஏறக்குறைய அதே அளவில் ஒரு வெண்கல மணி வாங்கினான். பளபளவென்று இருந்தது. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் கல்லில் வைத்து நசுக்கினான். கறிக்கடையில் இரண்டு ஆட்டுக் குளம்பு கேட்டு வாங்கினான். எதற்கு என்று கடைக்காரர் கேட்டதற்கு மருந்துக்கு என்றான். வீட்டுக்கு வந்து, செவ்வந்தி தண்ணீருக்குப் போயிருந்த நேரம் பார்த்து, மணியை அடுப்பில் போட்டுக் கறுக்கவைத்தான். ஒரு கறுப்பு ஆட்டைப் பிடித்து முதுகு முடியைக் கத்தரித்தான். முடி உருண்டையாக நிற்கவில்லை. ஒட்ட ஏதாவது வேண்டும். பானையில் சாமைக் கஞ்சி இருந்தது. பிசைந்தான். முடி, குளம்பு, நடுவில் மணி. கழகத்து ஆட்கள் பார்த்திருந்தால் கைதட்டியிருப்பார்கள். ஓடிப்போய் சரிவிலிருந்த புளியமரத்தடியில் வைத்துவிட்டு வந்து, ஒன்றும் தெரியாதவன் போலக் கூரை மேல் ஏறி உட்கார்ந்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கடைசிப் புல் கட்டையும் வேய்ந்து முடித்தான். செவ்வந்தி கீழே நின்று நாலு மூலையையும் பார்த்தாள். பரவாயில்லை என்றாள். பிறகு ஜெயம்மாளைக் கூட்டிக்கொண்டு சரிவுக்குப் போனாள். அவனும் பின்னால் போனான்.

உருண்டை வைத்த இடத்திலேயே இருந்தது. மேலே எறும்பு மொய்த்திருந்தது. ஜெயம்மாள் நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். செவ்வந்தி ஒரு குச்சியை எடுத்து மெதுவாகப் பிரித்தாள். முடி வந்தது. குளம்பு வந்தது. மணி வந்தது. தூக்கி ஆட்டினாள். டொக் டொக் என்றது.

"சத்தம் வேற மாதிரி இருக்குதே."

"வயித்துக்குள்ள போய்ட்டு வந்துருக்குல்ல. அந்தத் தண்ணியில சத்தம் கெட்டிருக்கும்."

"இருக்கும்" என்றாள் செவ்வந்தி. குனிந்து முகர்ந்தாள். "சாமக் கஞ்சி வாசன வருது."

கலையரசனுக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. ஒட்டியதைப் பிரித்துச் சொன்னான். "சுட்டி கடசியா சாம தின்னுருக்கும்."

"ஆமாங்க. அதுக்குச் சாமன்னா உசுரு."

ஜெயம்மாள் அவனைப் பார்த்த பார்வையில் மரியாதை இருந்தது. "எல்லாம் கலை சொன்ன மாதிரியே இருக்குது" என்றாள். அவனுக்கு உடம்பு லேசானது. மூன்று நாளாக நெஞ்சில் கிடந்த கல் உருண்டு போனது. ஆடும் போகவில்லை, போனும் போகவில்லை என்று நினைத்தான். ஆடு போனது பிறகுதான் ஞாபகம் வந்தது. போகட்டும், வேறு ஆடு வளர்க்கலாம். இந்த உருண்டையை ஒரு படம் எடுத்துக் குழுவில் போட்டால் தழைக் கட்சி தலையெடுக்காது என்றுகூட ஓர் எண்ணம் வந்துபோனது.

அப்போதுதான் மணிச் சத்தம் கேட்டது.

செவ்வந்தி கையிலிருந்த மணியில்லை. கணீர் கணீரென்று, கீழே பாதையிலிருந்து வந்தது. இந்த முறை அவன் காது காதாகத்தான் இருந்தது. பார்க்காமலே தெரிந்தது, அது யார் வீட்டு மணி என்று.

சுட்டி முன்னால் வந்தது. பின்னால் இரண்டு குட்டிகளைக் கைக்கொன்றாக அணைத்துக்கொண்டு அர்ச்சுனன் வந்தான்.

"அக்கா, நேத்து காலைல குட்டி போட்டுச்சி. ரெண்டும் பொட்டை. நீ சொன்ன மாதிரி, கூர முடியட்டும்னுதான் வச்சிருந்தேன். முடிஞ்சிடுச்சா? மாமா, வூடு மாதிரியே போட்டுட்டீங்களே."

ஜெயம்மாள் உருண்டையைப் பார்த்தாள், ஆட்டைப் பார்த்தாள், கலையரசனைப் பார்த்தாள். சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு வீட்டுப் பக்கம் திரும்பி நடந்தாள். அவள் தோள் குலுங்கியது பின்னாலிருந்து தெரிந்தது.

"மணியோட ஆடு தனியாத் திரிஞ்சா இன்னா செய்வாங்க நம்மூர்ல?" என்று செவ்வந்தி கேட்டாள்.

கலையரசன் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "மணி எந்த வூட்டுதோ, அந்த வூட்ல கொண்டுபோய் வுடுவாங்க."

மலையில் பிறந்த எந்தப் பிள்ளைக்கும் தெரிந்த வழக்கம். சுட்டியை யாரோ அன்று மத்தியானமே அர்ச்சுனன் வீட்டில் கட்டிவிட்டார்கள். அர்ச்சுனன் குப்பன் ஜீப்பில் சேதி சொல்லி அனுப்பிவிட்டான். பாறையைச் சுற்றிப் புதர் புதராகத் தேடியவனுக்கு மச்சான் வீட்டுக்குப் போய்க் கேட்கத் தோன்றவேயில்லை. போனால் போனைக் கேட்பானே என்ற பயம் அந்தப் பக்கமே திரும்பவிடவில்லை. கலையரசன் வீட்டுக்கு வந்து முதல் பொய்யைச் சொல்லும்போதே செவ்வந்திக்கு எல்லாம் தெரியும்.

"தெரிஞ்சிக்கினே ஏன் இத்தினி கேள்வி கேட்ட?" என்றான், பாதிக் குரலில்.

"கூர வேணுமே. மணி வரைக்கும் கக்க வப்பீங்கன்னு நானும் நெனைக்கல." அவள் கையை நீட்டினாள். "போன்."

கொடுத்தான். திரையைச் சட்டையில் துடைத்துவிட்டுத்தான் கொடுத்தான். செவ்வந்தி கொஞ்ச நேரம் அவன் முகத்தைப் பார்த்தாள்.

"மரத்துல புளிய ஒலுக்கி எறக்கி முடியற வரைக்கும் தம்பிகிட்ட இருக்கட்டும். அப்பறம் வாங்கிக்கலாம்."

அர்ச்சுனன் குட்டிகளை இறக்கிவிட்டு, வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டு போனை வாங்கினான். திரையில் கருந்தாவி வாயைப் பிளந்துகொண்டு நின்றது.

"இன்னா மாமா இது, ஆட்டுக்கு ஆறு காலா?"

"ஆடு இல்லடா. கறி திங்கிற மிருகம்." எல்லாம் போன பிறகும் கொள்கையை மட்டும் விட அவனுக்கு மனமில்லை.

"அது தழ திங்கிறதுங்க" என்றாள் செவ்வந்தி, குட்டி ஒன்றைத் தூக்கி வயிற்றைத் தடவிக்கொண்டே. "கண்ணு ரெண்டும் பக்கவாட்டுல இருக்குது. ஆடு மாடு மாதிரி மேல்வாயில முன்பல்லே இல்ல. கறி திங்கிறதுக்கு இப்பிடியா இருக்கும்? மொத நாளே பாத்தேன்."

"தொரத்துதே?"

"நம்ம கெடா கூடத்தான் தொரத்துது. உங்களத் தின்னுதா?"

அர்ச்சுனன் படத்தைப் பெரிதாக்கி, மாமாவுக்கும் தெரிகிற மாதிரி சாய்த்துப் பிடித்தான். ஆட்டு வாயைத் திறந்து பல் பார்த்து வயசு சொல்வதில் குடியிருப்பிலேயே கலையரசனை மிஞ்ச ஆளில்லை. கிட்டே போய்க் குனிந்து பார்த்தான்.

மேல்வாயில் முன்பல் ஒன்றுகூட இல்லை.